பத்தொன்பதாம் பாட்டில்

என் வீட்டுக்காரிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூத்திரம் போகிற வழியாகக் குழாய் விட்டுப் பார்ப்பார்கள். இதை நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியாது. மூத்திரப்பையில் கட்டி வந்தது, வெட்டி எடுத்தார்கள். ஆனால் அது விரட்டினாலும் திரும்ப வந்து நிற்கிற ஜாதிக் கட்டி. வந்துவிட்டதா என்று, முனையில் விளக்கும் கேமராவும் வைத்த குழாயை உள்ளே விட்டுத்தான் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு வந்தால் இரண்டு நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுவாள், எனக்குக் கேட்கக் கூடாதாம். நாற்பத்து நான்கு வருஷமாக பிரிட்ஜ், ஏசி ரிப்பேர் பார்க்கிறவன் நான். கம்ப்ரஸர் போடும் கூச்சலுக்குள் ஒரு பேரிங் முனகுவதைப் பிடிக்கிற காது. எனக்கா கேட்காது?

கடையில் எனக்கு ‘ரெண்டுதரம்’ என்று பெயர். எதையும் இரண்டு தடவை பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன். ஒரு மீட்டர் காட்டினால் இன்னொரு மீட்டர் வைத்துப் பார்ப்பேன். படிப்பு ஏழாவதோடு சரி. படித்தவன் சொன்னான் என்பதற்காக எதையும் நம்பியது கிடையாது. நம்பிக் கெட்டது ஒரே ஒரு தடவை. வீட்டுக்காரிக்கு முதன்முதலில் மூத்திரத்தில் ரத்தம் தெரிந்தபோது ஒரு லேபில் கொடுத்தோம். ஒன்றும் இல்லை என்று வழவழப்பான காகிதத்தில் அச்சடித்துக் கொடுத்தார்கள். நான்கு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அந்தக் காகிதம் வேறு யாருடைய பாட்டிலுக்கோ உரியது. அந்த நான்கு மாதத்தில் பட்டாணி அளவுக் கட்டி எலுமிச்சை அளவு ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு லேப் என்ற பலகையைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வந்து வாய்த்த மருமகள் லேபில் வேலை பார்க்கிறவள்.

மகன் கப்பலில் இன்ஜின் ரூமில் இருக்கிறான். ஏழு மாதம் கடல், மூன்று மாதம் வீடு. ஆகவே பெரும்பாலும் நாங்கள் மூன்று பேர்தான். மருமகள் நல்ல பெண். வாய்க்கு வாய் கொடுப்பாள், அது எனக்குப் பிடிக்கும். அவள் வேலையைப் பற்றிச் சொன்னால் மட்டும் காதில் போட்டுக்கொள்ள மாட்டேன். ஒருநாள் சாப்பிடும்போது அவளாகவே ஆரம்பித்தாள்.

“மாமா, அத்தைக்குக் குழாய் விடாமலே கண்டுபிடிக்கலாம். பாட்டில்ல கொஞ்சம் மூத்திரம் இருந்தாப் போதும்.”

“போன தடவையும் ஒருத்தன் இப்படித்தான் சொன்னான்.”

“அவன் நான் இல்ல.”

எழுந்து போய் என் டூல் பையிலிருந்து சிவப்பிலும் நீலத்திலும் நாலைந்து ஒயர்த் துண்டுகளை எடுத்து வந்தாள். ஒவ்வொன்றையும் கொண்டை ஊசி மாதிரி மடித்தாள்.

“கட்டி இருந்தா அதோட செல்லுல இருந்து ஒரு துணுக்கு மூத்திரத்துல விழும். ஆர்.என்.ஏ.ன்னு பேரு. எந்தக் கண்ணாடி போட்டாலும் தெரியாது, அவ்வளவு சின்னது. அதப் பிடிக்க டி.என்.ஏ. இழையில ரெண்டு விதமா செஞ்சு வச்சிருக்கோம். ரெண்டும் இப்படி மடிஞ்சு, தன் வாலத் தானே கடிச்சிட்டுக் கிடக்கும். துணுக்கு வந்தா ஒரு சிவப்ப நீட்டி விடும். நீண்ட சிவப்பு ஒரு நீலத்த நீட்டி விடும். அந்த நீலம் அடுத்த சிவப்ப. இப்படியே சங்கிலியா கோத்துக்கிட்டே போகும். கோத்தா வெளிச்சம் வரும். துணுக்கு இல்லேன்னா எல்லாம் மடிஞ்சே கிடக்கும். இருட்டுதான்.”

“மோட்டார் எங்க?”

“மோட்டாரே கிடையாது மாமா. தானா சேரும்.”

“தானா சேருமா! இந்த வீட்டுல மூணு பேர் ஒரு வேளை சாப்பாட்டுக்குத் தானா சேர மாட்டேங்கறோம். கத்திக் கூப்பிட வேண்டியிருக்கு.”

“உங்களத்தான் கூப்பிட வேண்டியிருக்கு,” என்றாள் வீட்டுக்காரி. “நாங்க ரெண்டு பேரும் தானாத்தான் வர்றோம்.”

நான் விடவில்லை. “சரி, தானா சேருற சாமான் கூப்பிடாமலே சேர்ந்துட்டா?”

மருமகள் கையில் இருந்த சிவப்பு ஒயர் அப்படியே நின்றது. “சில நாள் சேர்ந்துடுது,” என்றாள். “வெறும் தண்ணிய விட்டாக்கூட வெளிச்சம் வருது. ஏன்னு தெரியல. ஆறு வாரமா முட்டிக்கிட்டிருக்கேன்.”

“அப்ப தண்ணிக்கும் கட்டி இருக்குன்னு சொல்லும் உன் சங்கிலி. இன்னொண்ணு. நோயாளியோடதுன்னு சொல்லி பாட்டில்ல பச்சத் தண்ணிய ஊத்திக் கொடுத்தா? அது ஒழுங்கா வேலை செய்யற நாள்ல ‘கட்டி இல்ல, நிம்மதியா போ’ன்னுதானே சொல்லும்? இவளுக்கு அப்படித்தானே ஆச்சு?”

மருமகள் ஒயரை எல்லாம் நிமிர்த்திக் கொண்டுபோய் என் பையில் வைத்தாள்.

“பொண்ண அழ வச்சுட்டீங்க,” என்றாள் வீட்டுக்காரி. மருமகள் அழவில்லை, யோசித்துக்கொண்டிருந்தாள். எனக்கு வித்தியாசம் தெரியும்.

மறுநாள் காலை செருப்பு மாட்டும்போது சொன்னாள்: “மாமா, என்கூட லேபுக்கு வாங்க.”

“நான் எதுக்கு?”

“நம்பாத ஆள் ஒருத்தர் வந்து பாக்கணும். அங்க எல்லாரும் என்னை நம்பிட்டாங்க.”

போனேன். லேப் என்றால் என்னவோ நினைத்திருந்தேன். ஒரு நீள மேஜை, இரண்டு பிரிட்ஜ், அதில் ஒன்றின் கதவு ரப்பர் தொங்கிக்கொண்டிருந்தது. அதைச் சொன்னேன், யாரும் எழுதிக்கொள்ளவில்லை. மருமகள் என்னை ஒரு மிஷின் முன்னால் நிறுத்தினாள். டிபன் பாக்ஸை விடக் கொஞ்சம் பெரியது. மூடியைத் திறந்தால் உலோகக் கட்டி, அதில் மூன்று வரிசைக் குழி. குழிக்குள் விரல்நுனி அளவு பிளாஸ்டிக் டியூப்.

இழைகளை அதில் போட்டுக் கிட்டத்தட்டக் கொதிநிலைக்குச் சூடேற்ற வேண்டுமாம். பிறகு சட்டென்று குளிர வைக்க வேண்டும். சட்டென்று குளிர்ந்தால் இழைக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கவே நேரம் இருக்காது, தன் மேலேயே மடிந்துகொள்ளும். மெதுவாகக் குளிர்ந்தால் அக்கம்பக்கத்தில் இருப்பதோடு அரையும் குறையுமாகச் சிக்கிக்கொள்ளும். அப்படிச் சிக்கினதுதான் பிறகு யாரும் கூப்பிடாமலே சங்கிலி கோத்துவிடுகிறது.

“முன்னாடி கொதிக்கற தண்ணியில இருந்து எடுத்து நேரா ஐஸ்ல போடுவேன்,” என்றாள். “ஒரு தடவ கூடத் தப்பல. நிறைய வேணும்னுதான் இந்த மிஷினுக்கு மாறினோம்.”

“ஐஸ்ல தப்பல. மிஷின்ல தப்புது. ஆறு வாரமா எதப் பாத்துக்கிட்டிருந்த?”

“மிஷின் சரியாத்தான் இருக்கு. திரையில பாருங்க, நாப்பது செகண்ட்ல இறங்கிடுது.”

“திரை சொல்லுதாக்கும். திரை சொல்லி நான் இதுவரைக்கும் ஒரு பிரிட்ஜ் கூட ரிப்பேர் பண்ணினதில்ல. எந்த டியூப் எந்தக் குழியில இருந்துச்சுன்னு எழுதி வச்சிருக்கியா?”

நோட்டைப் புரட்டினாள். தேதி இருந்தது, அளவு இருந்தது, நிமிஷம் இருந்தது, யார் கை என்பது கூட இருந்தது. குழி மட்டும் இல்லை. எல்லாக் குழியும் ஒன்றுதான் என்று படித்தவர்கள் எல்லாரும் சேர்ந்து முடிவு கட்டியிருந்தார்கள்.

என் பையிலிருந்து கம்பித் தெர்மாமீட்டரை எடுத்தேன். மயிர் கனத்துக் கம்பி. டியூபில் தண்ணீர் விட்டு, கம்பியை உள்ளே இறக்கி, குழி குழியாகப் பார்த்தேன். முன் வரிசை நாற்பது செகண்ட். நடு வரிசை ஐம்பத்தைந்து. பின் வரிசை நான்கு நிமிஷத்துக்கு மேல். திரை மட்டும் எல்லாவற்றுக்கும் நாற்பது என்று சாதித்தது. இன்னொரு கம்பியை விட்டுப் பார்த்தேன். அதே நான்கு நிமிஷம்.

திருப்புளியை எடுத்ததும் லேப் மேனேஜர் ஓடி வந்தார். “ஐயா, ஐயா, சீல உடைச்சா வாரண்டி போயிடும்!”

“வேலை செய்யாத மிஷினுக்கு வாரண்டி எதுக்கு, ஃப்ரேம் போட்டு மாட்டவா?”

கழற்றினேன். உலோகக் கட்டியையும் அடியில் உள்ள குளிர்த் தட்டையும் ஒட்டுகிற பேஸ்ட், பின்பக்கம் முழுக்கக் காய்ந்து பொருக்காகப் பெயர்ந்து கிடந்தது. சூடு இறங்க வழியே இல்லை. சூட்டை அளக்கிற சென்ஸர் முன் வரிசைக்கு அடியில் சுகமாக உட்கார்ந்து, எல்லாம் நலம் என்று திரைக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. சுரண்டித் துடைத்து, என்னிடம் இருந்த பேஸ்ட்டையே தடவி, ஃபேனிலிருந்த தூசியை ஊதிவிட்டு மூடினேன். மூன்று வரிசையும் நாற்பது, நாற்பத்தொன்று.

மருமகள் நோட்டில் ஸ்கேல் வைத்து ‘குழி’ என்று புதிதாக ஒரு பத்தி போட்டாள். பத்து நாள் கழித்து வீட்டுக்கு ஓடி வந்து போனை நீட்டினாள். வெறும் தண்ணீர் விட்ட இருபத்து நான்கு டியூப், எல்லாம் கும்மிருட்டு.

“பாருங்க மாமா, ஒண்ணுமே இல்ல!”

ஒன்றுமே இல்லாததற்கு இந்தக் குதி குதித்த பெண்ணை நான் பார்த்ததில்லை.

அடுத்தது குழாய் டாக்டர். வீட்டுக்காரிக்குக் குழாய் விடுகிறவரை நாங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வோம். என்னை மாதிரி ஆள். கண்ணால் பார்ப்பதைத் தவிர எதையும் ஏற்க மாட்டார். மருமகளும் லேப் மேனேஜரும் அவரைப் போய்ப் பார்த்தபோது நானும் கூடப் போனேன்.

அவர் சொன்ன ஏற்பாடு இது. ஒரு வாரத்தில் அவர் குழாய் விடுகிற நோயாளிகள் எல்லாரும் அதற்கு முன்பே ஒரு பாட்டில் கொடுத்துவிட வேண்டும். அவர் கண்ட முடிவை எழுதிக் கவரில் போட்டு ஒட்டிவிடுவார். நோயாளிகளும் சம்மதித்து, சனிக்கிழமை வரை முடிவு கேட்கக் கூடாது. பாட்டிலில் இருக்கும் கேஸ் நம்பரை யாராவது எடுத்துவிட்டு வேறு நம்பர் ஒட்ட வேண்டும். எது எது என்பது அந்த ஒருவருக்கு மட்டும் தெரிய வேண்டும்.

“எங்க மாமாவப் போடுங்க டாக்டர்,” என்றாள் மருமகள்.

“சொந்த மாமனாரையா? நல்லாயிருக்கே!”

“அவர் என்னையும் நம்ப மாட்டார், உங்களையும் நம்ப மாட்டார்.”

டாக்டர் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். “குழாயக் கழுவினீங்களா, யார் கழுவினது, கையெழுத்து எங்கன்னு கேட்டவர் இவர்தானே? சரி, இவரே போதும்.” பிறகு மருமகளிடம் திரும்பினார். “ஒண்ணு மட்டும் சொல்லிடறேன்மா. எல்லா நம்பருக்கும் பதில் வேணும். கட்டி இருக்கு, இல்ல. ரெண்டுல ஒண்ணு. ஒண்ணு தப்பினாலும், ஒண்ணுக்கு ‘தெரியல’ன்னு சொன்னாலும், இந்தப் பேச்ச இதோட விட்டுடலாம். அநேகமா சரியா இருக்கும்ங்கற பரிசோதனைய என் நோயாளிங்க மேல வைக்க மாட்டேன்.”

“எல்லாம் சரியா வந்தா?”

“ரெண்டு வருஷம் கட்டி திரும்பாம இருக்கறவங்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவ குழாய். மத்த மூணு தடவ உன் பாட்டில்.”

என் வீட்டுக்காரிக்கு இரண்டு வருஷமும் ஒரு மாதமும் ஆகியிருந்தது. அவளுக்குச் செவ்வாய்க்கிழமை குழாய் விட்டார்கள். சனிக்கிழமை வரை முடிவு தெரியாதே, தாங்குவாயா என்று கேட்டேன்.

“நாலு நாள்தானே? உங்க மனசுல என்ன இருக்குன்னு தெரியாமலே நாப்பது வருஷம் ஓட்டியாச்சு,” என்றாள், சுவரைப் பிடித்துக்கொண்டே.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன அறையைக் கொடுத்தார்கள். நர்ஸம்மா பாட்டில்களைக் கொண்டுவந்து எண்ணி வைத்தார். இருபத்து மூன்று. எல்லாக் கேஸ் நம்பரையும் உரித்து, கலைத்துப் போட்டு, என் கையால் நம்பர் ஒட்டினேன். வீட்டுக்காரியின் கேஸ் நம்பர் எனக்கு மனப்பாடம். அது ஒன்பதாம் பாட்டிலாக விழுந்தது. பட்டியலை டூல் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

பூட்டுவதற்கு முன் ஒரு வேலை செய்தேன். இருபத்து நாலாவதாக ஒரு பாட்டில் எடுத்து, அந்த அறை வாஷ்பேசினில் தண்ணீர் பிடித்தேன். பிளாஸ்கில் கொண்டுபோன பால் விடாத டீயில் இரண்டு சொட்டு விட்டேன். நிறம் கச்சிதம். முன்பே ஒட்டாமல் விட்டிருந்த பத்தொன்பதை அதில் ஒட்டினேன். நர்ஸம்மா பார்த்துவிட்டார். வாயைத் திறக்கக் கூடாது என்று சொன்னேன்.

மருமகளிடம் எனக்குப் பகை இல்லை. அந்தத் தண்ணீருக்கு அவள் ‘கட்டி இல்லை’ என்று சொன்னால், டாக்டர் ஒத்துக்கொண்டாலும் நான் ஒத்துக்கொள்வதாக இல்லை. என் வீட்டுக்காரியை இன்னொரு வழவழப்பான காகிதத்தை நம்பி வீட்டுக்கு அழைத்துப் போக மாட்டேன். அவள் அழுதாலும் குழாய்தான்.

சனிக்கிழமை காலை பத்து மணி. டாக்டர், நர்ஸம்மா, லேப் மேனேஜர், மருமகள், நான். கடைசி நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்காரி. மருமகள் பாட்டில் நம்பரும் பதிலும் சொல்வாள். நான் பட்டியல் பார்த்துக் கேஸ் நம்பர் சொல்வேன். டாக்டர் கவரிலிருந்து எடுத்த தாளில் அந்தக் கேஸைத் தேடி, தான் கண்டதைப் படிப்பார்.

ஒன்று, இல்லை. இல்லை. இரண்டு, இருக்கிறது. இருக்கிறது. மூன்று, இல்லை. இல்லை.

ஒன்பது வந்தது. “கட்டி இல்ல,” என்றாள் மருமகள். நான் கேஸ் நம்பரைச் சொன்னேன். என் குரல் ஒழுங்காகத்தான் இருந்தது என்று நினைக்கிறேன். டாக்டர் விரலால் தாளில் கீழே, கீழே, கீழே இறங்கினார். அந்த விரலை ஒடித்தால் என்ன என்று இருந்தது.

“இல்ல,” என்றார்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் பையின் ஜிப் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. கைக்குட்டை எடுக்கிறாள்.

பதினெட்டு வரை ஒன்று கூடப் பிசகவில்லை. மேனேஜர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். பத்தொன்பதில் மருமகள் நிறுத்தினாள்.

“இதுக்கு இருக்குன்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “தெரியல. அப்படித்தானே?”

“தெரியும் டாக்டர். இதுல ஆளே இல்ல.”

“ஆளே இல்லன்னா?”

“கட்டிக்கான சிவப்பு வெளிச்சம் வரல. ‘இல்ல’ன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம். ஆனா நான் ரெண்டாவதா ஒரு சங்கிலி வச்சிருக்கேன், பச்ச வெளிச்சம். நோய் இருந்தாலும் இல்லாட்டியும் மனுஷ மூத்திரம்னா இருக்கற ஒரு துணுக்கு வந்தா அது கோக்கும். மத்த எல்லா பாட்டில்லயும் பச்ச வந்துச்சு. இதுல வரல.”

மேனேஜர் அவள் பக்கம் சாய்ந்து, காதோடு பேசுவதாக நினைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: “இல்லன்னு சொல்லிடும்மா. சிவப்புதான் வரலியே. ஒரு வருஷ உழைப்பு.”

“மாட்டேன் சார்.”

“எல்லா நம்பருக்கும் பதில் வேணும்னு சொல்லியிருந்தேன்,” என்றார் டாக்டர்.

“சொன்னீங்க. இந்தப் பரிசோதனைய வேணாம்னு தள்ளுங்க டாக்டர், பரவாயில்ல. பாட்டில் மாறினதால எங்க அத்தைக்கு நாலு மாசம் போச்சு. ‘பச்சத் தண்ணிய ஊத்திக் கொடுத்தா என்ன சொல்லுவ’ன்னு மாமா ஒருநாள் கேட்டார். அன்னைக்கு எங்கிட்ட பதில் இல்ல. அதுக்குத்தான் இந்தப் பச்சையே போட்டேன். போட்டுட்டு, அது சொல்றத நானே கேக்கலேன்னா எப்படி?”

  நான் பட்டியலை எடுத்துப் படித்தேன்.

“பத்தொம்பது. கேஸ் நம்பர் கிடையாது. வாஷ்பேசின் தண்ணி. பால் விடாத டீ, ரெண்டு சொட்டு.”

டாக்டர் தாளில் இருந்த வரிகளை எண்ணினார். மறுபடி எண்ணினார். “இருபத்து மூணுதான் இருக்கு!”

“நான் இருபத்து மூணுதான் கொடுத்தேன்,” என்றார் நர்ஸம்மா. “வாயத் தொறக்கக் கூடாதுன்னு இவர்தான் மிரட்டினார்.”

“அதுக்குத்தான் பிளாஸ்க் கேட்டீங்களா!” கடைசி நாற்காலியிலிருந்து வீட்டுக்காரி. “நீங்க டீயே குடிக்கறதில்லயேன்னு அன்னைக்கே நினைச்சேன்.”

டாக்டர் சிரிக்க ஆரம்பித்தார். அந்த மனிதருக்குச் சிரிப்பு வரும் என்பதே அன்றுதான் தெரியும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி சிரித்தார். மருமகள் மட்டும் என்னையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

“டியூப் கெட்டுப்போச்சோன்னு திரும்பத் திரும்பச் செஞ்சேன் மாமா. இந்த ஒரு பாட்டிலுக்கு மூணு தடவ.”

“மூணு தடவயா?” என்றேன். “நானே ரெண்டுதரம்தான்.”

அதற்கு மேல் அவளால் முறைக்க முடியவில்லை.

மீதி ஐந்தும் ஓடின. இல்லை, இல்லை. இருக்கிறது, இருக்கிறது. இல்லை, இல்லை. இல்லை, இல்லை. கடைசி ஒன்று, இருக்கிறது, இருக்கிறது. இருபத்து மூன்று ஆளுக்கும் சரி. ஆளில்லாத ஒன்றும் சரி. மேனேஜர் எழுந்து நின்று யார் கையைக் குலுக்குவது என்று தெரியாமல் என் கையைக் குலுக்கினார். டாக்டர் மருமகள் பக்கம் போனார்.

“இன்னும் இருநூறு பேருக்காவது பாக்கணும். அதுல மாத்தம் இல்ல. ஆனா ரெண்டு வருஷம் தாண்டினவங்களுக்கு அடுத்த தடவையில இருந்தே பாட்டில். நான் எழுதிக் கொடுக்கறேன்.” என்னைக் காட்டிச் சொன்னார்: “இவர் அந்த இருநூறுக்கும் வரணும்.”

“டீ செலவு ஜாஸ்தியாகுமே,” என்றாள் வீட்டுக்காரி. அவள் கைக்குட்டை நனைந்து முறுக்கிக் கிடந்தது. ஆனால் மாடிப்படியைச் சுவரைப் பிடிக்காமல் இறங்கினாள்.

மூன்று மாதம் ஆயிற்று. குழாய்க்குப் போகிற தேதி வந்தது. காலையில் வீட்டுக்காரி பாட்டிலைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிட்டு, “பஸ்ல மடியில வச்சுக்கோங்க,” என்று மட்டும் சொன்னாள். லேபுக்குப் போனேன். பிரிட்ஜ் கதவுக்குப் புது ரப்பர் போட்டிருந்தார்கள். பாட்டிலைக் கொடுப்பதற்கு முன் மிஷினின் பின் வரிசையில் கம்பியை விட்டுப் பார்த்தேன். நாற்பத்தொரு செகண்ட். இன்னொரு கம்பியை விட்டேன். நாற்பத்தொன்று. மருமகள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள், அவசரப்படுத்தவில்லை. மதியம் அவளே டியூபை விளக்கில் வைத்துக் காட்டினாள். சிவப்பு வரவில்லை, இருட்டு. பச்சை, பச்சையாக, ஆள் இருக்கிறாள் என்றது.

போனில் சொல்லாமல் நேராக வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்ததும் பாத்ரூமில் தண்ணீர் ஓடும் சத்தம்.  செருப்பைக் கூடக் கழற்றாமல் போய்க் கதவில் காதை வைத்தேன்.

தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தாள். என்னவோ ஒரு பாட்டை முனகிக்கொண்டு. சுருதி சுத்தமாக இல்லை.

“யாரது அங்க? நீங்களா? என்ன சொன்னாங்க?”

“பச்சை மட்டும்தான்,” என்றேன்.

உள்ளே தண்ணீர் நின்றது. பிறகு மறுபடி ஓடியது, பாட்டு இன்னும் சத்தமாக. நான் கதவில் இன்னொரு தடவை காதை வைத்துக் கேட்டேன்.